நிவாரணக் குழுவுக்கு ஒரு மென்பொருள் வாங்குவதற்கு முன்

2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்தபோது வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் வீடுகள் கூரை வரை நீரில் மூழ்கின. தெஹிவளையிலிருந்து நாங்கள் இரண்டு லொறிகளில் உலருணவுப் பொதிகளை ஏற்றிக் கொண்டு போனோம். நாங்கள் இறங்கிய தெருவுக்கு அன்று காலையிலேயே வேறு இரண்டு பள்ளிவாசல்களின் குழுக்கள் வந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தன. மூன்றாவது பொதியைக் கையில் வாங்கிய ஒரு தாய்தான் எங்களுக்கு விடயத்தைச் சொன்னார்: "மகன், பின்னால உள்ள ஒழுங்கைக்கு இன்னும் யாரும் போகல்ல. எங்களுக்குப் போதும், இத அங்க கொண்டு போங்க."

அந்த ஒழுங்கையில் இடுப்பளவு தண்ணீர். லொறி போகாது, படகு வேண்டும். படகு ஏற்பாடு செய்ய மாலையாகிவிட்டது. வீட்டுக்கு வந்து எங்கள் வட்ஸ்அப் குழுவை மேலே தள்ளிப் பார்த்தால், காலை ஒன்பது மணிக்கே ஒருவர் அந்த ஒழுங்கையின் பெயரைப் போட்டு "இங்கு படகு தேவை" என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே நானூறு செய்திகள். பாதி துஆ, பாதி புகைப்படம், இடையிடையே யாரோ அனுப்பிய பழைய வானிலை அறிவிப்பு. அந்த ஒரு வரி புதைந்து போயிருந்தது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் எங்கள் குழுவில் இதே கதைதான், ஊர்களின் பெயர்கள்தான் வேறு. அதன் பிறகு நடந்த கூட்டத்தில் இளைஞர்கள் ஒரு முடிவோடு வந்திருந்தார்கள்: இனி வட்ஸ்அப்பில் வேலை செய்ய முடியாது, நல்லதொரு செயற்றிட்ட முகாமைத்துவ மென்பொருள் வாங்க வேண்டும். நான் மென்பொருள் துறையில் வேலை செய்பவன் என்பதால், எதை வாங்குவது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அந்தத் தேடலில் கற்றுக் கொண்டதைத்தான் எழுதுகிறேன். பள்ளிவாசல் நிர்வாகம், ஸகாத் குழு, பழைய மாணவர் சங்கம், ஜனாஸா நலன்புரிச் சங்கம் என்று நம்மவர்கள் நடத்தும் எந்தக் குழுவுக்கும் இதே கேள்வி ஒரு நாள் வரும்.

சுனாமியும் 'சஹன'வும்

இந்தக் கேள்விக்கு இலங்கையிலேயே உலகம் திரும்பிப் பார்த்த ஒரு பதில் உருவானது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது என்று கிழக்குக் கரையோரம் முழுவதும் நம் சொந்தங்கள். அடுத்த சில நாட்களில் உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் நிறுவனங்கள் வந்து இறங்கின. உதவி வந்தது, ஒழுங்கு வரவில்லை. ஒரு முகாமில் உடுதுணி மலைபோல் குவிந்திருக்க, அடுத்த முகாமில் குடிநீர் இல்லை. எந்த நிறுவனம் எங்கே என்ன செய்கிறது என்பது ஒருவருக்கும் முழுமையாகத் தெரியாது.

அப்போது இலங்கையின் கணினித் துறையைச் சேர்ந்த தன்னார்வத் தொண்டர்கள், லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேஷன் என்ற அமைப்பின் முன்னெடுப்பில் ஒன்று சேர்ந்தார்கள். கலாநிதி சஞ்சீவ வீரவரண, சமிந்திர டி சில்வா போன்றவர்கள் அதில் முன்னின்றார்கள். பல நாட்கள் இரவு பகலாக உட்கார்ந்து அவர்கள் எழுதிய மென்பொருள்தான் 'சஹன'. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். அரசாங்கம் அமைத்த தேசிய செயற்பாட்டு நிலையத்தில் அது பாவிக்கப்பட்டது. 2005 ஒக்டோபரில் பாகிஸ்தானில் பூகம்பம் வந்தபோது அங்கும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா பூகம்பத்திலும் அதே மென்பொருள் எடுக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன்பாட்டு விருதை கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹனவுக்கு வழங்கியது. நம் நாட்டில் எழுதியதை யாரும் இலவசமாக எடுத்து மாற்றிப் பாவிக்கலாம் என்று அவர்கள் திறந்து விட்டிருந்ததால்தான் இத்தனையும் நடந்தது.

எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது விருது அல்ல, அதன் உள்ளமைப்பு. அதில் ஒரே பெரிய பட்டியல் இல்லை. காணாமல் போனவர்களுக்கு ஒரு பதிவேடு. நிறுவனங்களுக்கு, அதாவது யார் எந்தப் பிரதேசத்தில் என்ன செய்கிறார்கள் என்பதற்கு, இன்னொன்று. முகாம்களுக்கு ஒன்று. கேட்கப்பட்ட உதவியையும் கொடுக்கப்பட்ட உதவியையும் பொருத்திப் பார்க்க ஒன்று. அந்த நெருக்கடியிலும் அவர்கள் முதலில் யோசித்தது திரையின் அழகை அல்ல, எந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஆட்கள் தவிக்கிறார்கள் என்பதைத்தான். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதிவேடு.

எங்கள் கூட்டத்தில் நாங்கள் செய்யத் தவறியது இதைத்தான். மென்பொருளின் பெயரிலிருந்து ஆரம்பித்தோம். கம்பனியில் வேலை செய்யும் ஒரு தம்பி ஜிரா என்றார். இன்னொருவர் டிரெல்லோ என்றார். கணக்காளராக இருக்கும் நானா எக்செல் போதும் என்றார். எங்கள் பழைய செயலாளர் ஹாஜியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பையிலிருந்து தன் சீஆர் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். "இதுல என்ன இல்ல என்று சொல்லுங்க, பிறகு வாங்குவோம்."

சிரித்தோம். ஆனால் பிறகு அந்தக் கொப்பியைத் திறந்து பார்த்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. கோடு போட்டு ஐந்து நிரல்கள். வேலை, யாருக்குக் கொடுத்தது, எப்போது முடிய வேண்டும், முடிந்ததா, குறிப்பு. இருபது வருடத்து ரமழான் விநியோகங்களும் இரண்டு வெள்ளங்களும் அதே ஐந்து நிரல்களில் இருந்தன. நாங்கள் டொலர் கொடுத்து வாங்கப் பார்த்த மென்பொருளின் எலும்புக்கூடும் அதுதான். கொப்பியில் இல்லாதது ஒன்றுதான்: அது ஹாஜியாரின் பையில் மட்டும் இருக்கிறது. வெல்லம்பிட்டியில் தண்ணீருக்குள் நிற்பவனுக்கு அது தெரியாது.

மூன்று வேலைகளை ஒன்றாக நினைப்பது

ஒரு நிவாரணக் குழுவிடம் உண்மையில் மூன்று விதமான தகவல்கள் இருக்கின்றன. செய்ய வேண்டிய வேலைகள் ஒன்று: லொறி பிடிப்பது, புறக்கோட்டையில் அரிசி வாங்குவது, பொதி கட்டுவது, கிராம உத்தியோகத்தரிடம் பேசுவது. உதவி பெறும் குடும்பங்களின் பட்டியல் இரண்டாவது. வந்த பணம், போன பணம் மூன்றாவது.

செயற்றிட்ட முகாமைத்துவ மென்பொருள் என்று கடையில் விற்பது முதலாவதற்கு மட்டுமே. டிரெல்லோ, அசானா, ஜிரா எல்லாமே 'யார் எதை எப்போது முடிப்பார்' என்ற கேள்விக்குப் பதில் சொல்பவை. கணக்குக்கு அவை உதவாது. குடும்பங்களின் பட்டியலை அவற்றில் போடவே கூடாது, அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன். இதைப் புரியாமல் ஒரே மென்பொருளில் எல்லாவற்றையும் திணிக்கப் பார்ப்பதால்தான் பல குழுக்கள் மூன்று மாதத்தில் வெறுத்துப் போய் மீண்டும் வட்ஸ்அப்புக்கே திரும்புகின்றன என்பது என் எண்ணம்.

வேலைகளைக் கவனிக்கும் மென்பொருட்களும் ஒரே வகை அல்ல. அவற்றுக்குப் பின்னால் இரண்டு பழைய யோசனைகள் இருக்கின்றன. இரண்டுமே கணினிக்கு முந்தியவை.

ஒன்று ஹென்றி கான்ட் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1910களில் பரப்பிய கோட்டுப் படம். நாட்களை மேலே எழுதி, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நீண்ட பட்டை வரைவது. எந்த வேலை முடிந்தால்தான் எதைத் தொடங்கலாம் என்பது அதில் தெரியும். பள்ளிவாசலுக்கு மேல்மாடி கட்டுகிறோம் என்றால் இது அவசியம். கொங்கிரீட் முழுப் பலத்துக்கு வந்ததா என்று வழக்கமாகப் பார்ப்பது 28ஆவது நாளில். அதற்குள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, டைல்ஸ்காரரை எந்தத் திகதிக்கு வரச் சொல்வது என்பதெல்லாம் பட்டைகளில் வந்துவிடும். ஒரு பட்டை நகர்ந்தால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் நகரும். மைக்ரோசொப்ட் புரொஜெக்ட் இந்த வழியில் வந்தது.

மற்றது ஜப்பானிலிருந்து வந்த 'கன்பன்'. டொயோட்டா கார் தொழிற்சாலையில் தயீச்சி ஓனோ என்பவர் வளர்த்தெடுத்த முறை. அடுத்த இடத்தில் தேவைப்படும்போது மட்டுமே முந்திய இடம் பொருளைச் செய்து அனுப்பும், அதற்கு அடையாளம் ஒரு அட்டை. இன்று மென்பொருட்களில் அது ஒரு பலகையாக மாறியிருக்கிறது: செய்ய வேண்டியது, நடந்து கொண்டிருப்பது, முடிந்தது என்று மூன்று நிரல்கள். ஒவ்வொரு வேலையும் ஓர் அட்டை. அட்டையை விரலால் இழுத்து அடுத்த நிரலுக்குப் போட்டால் வேலை நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். 2011இல் வந்த டிரெல்லோ இதை எல்லோருக்கும் பழக்கமாக்கியது.

பலகையைப் பாவிக்கும் பலர் அதன் முக்கியமான பாதியை விட்டுவிடுகிறார்கள். நடுநிரலில் ஒரே நேரத்தில் எத்தனை அட்டைகள் இருக்கலாம் என்று ஓர் எல்லை வைக்க வேண்டும். எங்களிடம் இரண்டு வாகனங்கள்தான் என்றால் 'போய்க் கொண்டிருப்பது' என்ற நிரலில் இரண்டு அட்டைக்கு மேல் இருக்க முடியாது. மூன்றாவது ஊரிலிருந்து அழைப்பு வந்தால், 'அனுப்புகிறோம்' என்று வாக்குக் கொடுக்கும் முன் பலகையைப் பார்க்க வேண்டியிருக்கும். நம்மவர்கள் யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர்கள். எல்லோருக்கும் இன்ஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டு ஐந்து இடத்தில் அரைகுறையாக நிற்பதற்கு இந்த எல்லை ஒரு மருந்து.

வெள்ள நிவாரணத்துக்குக் கோட்டுப் படம் பொருந்தாது. நாளை எந்த ஊரில் தண்ணீர் ஏறும் என்று யாருக்கும் தெரியாதபோது பட்டை வரைந்து என்ன பயன்? அங்கே பலகைதான் சரி. உழ்ஹிய்யா விநியோகம் இரண்டுக்கும் இடைப்பட்டது. பெருநாள் திகதி பிறையோடு நிச்சயமாகிவிடும். மாடு வாங்குவது, அனுமதிகள், அறுப்பது, பங்கு பிரிப்பது என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும், பின்னோக்கி எண்ணித் திட்டமிடலாம். ஆனால் பெருநாள் அன்று காலையில் எல்லாமே பலகை வேலைதான்.

அந்தத் தம்பி சொன்ன ஜிராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது அவுஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் 2002இல் வெளியிட்டது, முதலில் மென்பொருட்களில் உள்ள பிழைகளைப் பின்தொடர. மென்பொருள் கம்பனிகளுக்கு அது பலமான கருவி. நானும் தினமும் அதில்தான் வேலை செய்கிறேன். ஆனால் ஓர் அட்டையைத் திறந்தால் நிரப்ப வேண்டிய கட்டங்கள் வரிசையாக நிற்கும். மழையில் நனைந்தபடி, ஒரு கையில் குடையோடு, உடைந்த திரையுள்ள போனில் அதை நிரப்பச் சொன்னால் யாரும் நிரப்ப மாட்டார்கள். கம்பனியில் நிரப்புகிறோம் என்றால் அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். தொண்டனிடம் அந்தப் பிடி இல்லை. எனவே ஒரு தொண்டர் குழுவுக்கான மென்பொருளை எடைபோடும்போது, குழுவிலேயே கணினி தெரிந்தவரிடம் கொடுத்துப் பார்க்காதீர்கள். தொழில்நுட்பத்தில் மிகவும் பின்தங்கியவரிடம், அவருடைய சொந்தப் போனில் கொடுத்துப் பாருங்கள். எங்கள் லொறிச் சாரதி நானாவால் ஒரு அட்டையை நகர்த்த முடியாவிட்டால் அந்த மென்பொருள் எங்களுக்கு இல்லை.

மொழியும் அப்படித்தான். பொத்தான்கள் ஆங்கிலத்தில் இருந்தால்கூடச் சமாளிக்கலாம், பத்துச் சொல்தான். ஆனால் உள்ளே தமிழிலும் சிங்களத்திலும் எழுதினால் எழுத்து உடையாமல் இருக்கிறதா, தேடினால் கிடைக்கிறதா, அச்சடித்தால் சரியாக வருகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். வெல்லம்பிட்டியில் எங்களுக்கு வழிகாட்டியவர்களில் பாதிப்பேர் சிங்களச் சகோதரர்கள்.

டொலர், தடை, மின்வெட்டு

வெளிநாட்டு ஆலோசனைக் கட்டுரைகளில் வராத மூன்று விடயங்கள் நமக்கு இருக்கின்றன.

முதலாவது, விலை டொலரில், அதுவும் தலைக்கு இவ்வளவு என்று மாதந்தோறும். கணக்குக்கு, ஒருவருக்கு மாதம் 10 டொலர் என்று வைத்துக் கொள்வோம். இருபது பேருக்கு 200, வருடத்துக்கு 2,400 டொலர். 2022 ஆரம்பத்தில் டொலர் ஏறக்குறைய 200 ரூபா, ஆகவே 4 இலட்சத்து 80 ஆயிரம். அதே வருடம் மே மாதத்தில் டொலர் 360 ரூபாவைத் தொட்டபோது அதே சந்தா 8 இலட்சத்து 64 ஆயிரம். மென்பொருளில் ஒரு பொத்தான்கூடக் கூடவில்லை. பொது மக்களின் பணத்தில் நடக்கும் குழு இப்படியொரு கடப்பாட்டை ஏற்க முடியாது. வெளிநாட்டிலுள்ள ஒருவரின் கடனட்டையில் கட்டுவதும் ஆபத்துத்தான். அந்த அட்டை காலாவதியாகும் நாளில் முழுக் குழுவும் வெளியே நிற்கும்.

அப்படியானால் இலவசம்? இலவசத் திட்டங்கள் நல்லவை, ஆனால் அவை கொடுத்தவர் நினைத்தால் சுருங்கும். டிரெல்லோவை 2017இல் அட்லாசியன் 425 மில்லியன் டொலருக்கு வாங்கியது. 2024இல் இலவசப் பாவனையாளர்களுக்கு ஓர் இடத்தில் பத்துப் பேர்தான் என்று எல்லை வந்தது. வுண்டர்லிஸ்ட் என்ற பிரபலமான பட்டியல் செயலியை மைக்ரோசொப்ட் 2015இல் வாங்கி, 2020 மே 6ஆம் திகதி மூடியே விட்டது. ஆகவே எந்த மென்பொருளையும் தொடும் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி: இதில் போட்டதை எக்செல் கோப்பாக முழுமையாக வெளியே எடுக்க முடியுமா? முடியாது என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

ரெட்மைன், ஓப்பன்புரொஜெக்ட் போன்ற கட்டற்ற மென்பொருட்களை நம்முடைய சொந்த சேவையகத்தில் நிறுவலாம், பாவனையாளர் எண்ணிக்கைக்குப் பணம் இல்லை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த சேவையகத்தைப் பார்த்துக் கொள்ள ஓர் ஆள் வேண்டும். நம் குழுக்களில் அந்த ஆள் பெரும்பாலும் ஒரே ஒரு தம்பி. அவருக்குக் கட்டாரில் வேலை கிடைத்தால்? எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் அதுதான் நடந்தது. கடவுச்சொல் அவரோடு விமானம் ஏறிவிட்டது. சஹனவையே நிறுவிப் பார்ப்போமா என்றும் யோசித்தேன். அது மாவட்டங்களும் தேசிய நிறுவனங்களும் பாவிக்கும் அளவுக்கு எழுதப்பட்டது, முப்பது பேர் கொண்ட குழுவுக்கு அது ரயிலை வாங்கி கடைக்குப் போவது போன்றது.

இரண்டாவது, தடை. 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போது அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் சுமார் ஒரு வாரம் நிறுத்தியது. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு மீண்டும். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி இன்னொரு முறை. இவற்றில் முதல் இரண்டும் எமது சமூகத்துக்குத் தகவல் மிகவும் அவசியப்பட்ட நாட்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யாருக்கு மருந்து வேண்டும் என்ற விபரம் முழுவதும் வட்ஸ்அப் ஒன்றிலேயே இருந்தால், அதை நிறுத்துகிற நாளில் குழுவும் நின்றுவிடும். வேலைப் பட்டியல் வேறொரு இடத்தில் இருப்பதற்கு இது ஒன்றே போதுமான நியாயம்.

மூன்றாவது மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். வெள்ளத்தில் தொலைபேசிக் கோபுரங்களும் அணைந்து போகும். இணையம் இல்லாத இடத்தில் திறக்கவே திறக்காத மென்பொருள் நிவாரணத்துக்கு உதவாது. கோபோ டூல்பொக்ஸ் என்ற சேவை இதற்கென்றே உருவானது. மனிதாபிமானப் பணியாளர்கள் பாவிப்பது. படிவத்தைச் சாதாரண அண்ட்ரொய்ட் போனில் இறக்கி வைத்துக் கொண்டால், சிக்னல் இல்லாத ஒழுங்கையில் நின்றும் வீடு வீடாக நிரப்பலாம், பிறகு சிக்னல் வந்ததும் அனுப்பலாம். அது வேலைப் பலகை அல்ல, கணக்கெடுப்புக் கருவி. எங்கள் இரண்டாவது தேவைக்கு அதுதான் பொருத்தம் என்று எனக்குப் பட்டது.

அந்தப் பட்டியல் யாருடையது?

இனி, குடும்பங்களின் பட்டியலைப் பலகையில் போடக் கூடாது என்றேனே, அதற்கு வருவோம். கூட்டத்தில் அதிக நேரம் எடுத்ததும், கொஞ்சம் சூடானதும் இந்த இடம்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ரமழானில், ஸகாத் பெறும் குடும்பங்களின் பட்டியல் ஒன்று எனக்கு வட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் குழுவுடையது அல்ல, வேறொரு ஊருடையது. எத்தனை கை மாறி வந்ததோ தெரியாது. பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, எத்தனை பிள்ளைகள், கணவர் இருக்கிறாரா விட்டுவிட்டுப் போனாரா, என்ன நோய். அதில் எனக்குத் தெரிந்த ஒருவரின் பெயர் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் நல்ல வெள்ளைச் சட்டையில் வந்து எல்லோருக்கும் முதலில் ஸலாம் சொல்பவர். அவருடைய கடன் தொகையை நான் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அன்றிலிருந்து அவர் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் கூச்சம்.

கை நீட்டாமல் கௌரவத்தோடு வாழ்பவர் நம்மை நம்பித் தன் நிலைமையைச் சொன்னது அமானிதம். அதை இருபது தொண்டர்களும் பார்க்கும் பலகையில் அட்டையாக ஒட்ட முடியாது. பலகைகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு: 'பொதுப் பார்வைக்கு' என்ற ஒரு தெரிவை யாராவது தெரியாமல் அழுத்தினால் உலகமே பார்க்கலாம். இது கற்பனை அல்ல. 2018இல் ஐக்கிய இராச்சியம், கனடா ஆகிய நாடுகளின் அரச ஊழியர்கள் பாவித்த டிரெல்லோ பலகைகள் சில இப்படித் திறந்து கிடந்து, கடவுச்சொற்களைக்கூட கூகுளில் தேடி எடுக்கக் கூடியதாக இருந்தது.

சட்டமும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் மத நம்பிக்கை, உடல்நலம் போன்றவற்றை விசேட வகைத் தரவாகக் கருதுகிறது. பள்ளிவாசல் ஒன்றின் நிவாரணப் பட்டியலில் பெயர் இருந்தாலே மதம் தெரிந்துவிடுகிறது, கூடவே நோயையும் எழுதுகிறோம். அப்படியானால் யார் பார்க்கலாம், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பதற்கு எங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

ஒரு நானா எழுந்து, "எல்லாரும் நம்ம ஆக்கள்தானே, என்ன ஒளிக்க இருக்கு?" என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் பதிலை எங்கள் சகோதரி ஒருவர் சொன்னார்: "நம்ம ஆக்களுக்குத் தெரியக் கூடாது என்றுதான் அந்தப் பொம்பள என்கிட்ட தனிய சொன்னா." அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

தீர்வு அவ்வளவு கடினமில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இலக்கம். பலகையில் உள்ள அட்டையில் 'க.47, உலருணவு, மருந்து, ஒழுங்கை முனையில் இறக்கவும்' என்று மட்டும் இருக்கும். 47 யார் என்பது இரண்டு பேரிடம் மட்டும் உள்ள, கடவுச்சொல் போட்ட கோப்பில் இருக்கும். அந்த இருவரில் ஒருவர் கட்டாயம் பெண், ஏனெனில் எங்கள் பட்டியலில் அதிகமானவை பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள். சாரதிக்குப் போகும் இடம் தெரியும், ஏன் போகிறோம் என்பது தெரியத் தேவையில்லை. பொதி கொடுக்கும்போது புகைப்படம் எடுத்துப் போடும் பழக்கம் பற்றியும் பேச்சு வந்தது. அது தனிக் கட்டுரைக்குரியது, இங்கே இழுக்கவில்லை.

நாங்கள் செய்து பார்த்தது

இறுதியில் எதையும் வாங்கவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு சோதனை வைத்தோம். ஆனால் 'சோதனைக்காக' என்று வேலை உண்டாக்கவில்லை. அப்போது நடக்கவிருந்த பாடசாலை உபகரண விநியோகத்தை அப்படியே எடுத்தோம். கொப்பி, சப்பாத்து, பை என்று நூற்றி இருபது பிள்ளைகளுக்கு. முதல் வாரம் ஒரு இலவசப் பலகைச் செயலி. இரண்டாவது வாரம் கூகுள் ஷீட்டில் ஹாஜியாரின் அதே ஐந்து நிரல்கள், 'முடிந்ததா' என்ற இடத்தில் தெரிவுப் பெட்டி.

பலகை இளைஞர்களுக்குப் பிடித்திருந்தது. சாரதி நானாவும் இரண்டாம் நாளே பழகிவிட்டார், அது எனக்கே ஆச்சரியம். ஷீட்டை எல்லோரும் புரிந்து கொண்டார்கள், ஆனால் போனின் சிறிய திரையில் தவறான கட்டத்தில் விரல் பட்டு ஒரு முழு வரியே அழிந்தது. யார் அழித்தது என்று தேடுவதில் ஒரு மாலை போனது. பழைய பதிப்பை மீட்கலாம் என்பது எங்களில் இருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

ஆகவே இப்போதைக்கு, வேலைகளுக்குப் பலகை. அதில் பத்துப் பேர் மட்டும், ஒவ்வொரு வேலைக்கும் பொறுப்பானவர்கள். மற்றத் தொண்டர்களுக்கு அவர்கள் சொல்வார்கள். எல்லை பத்து என்பது தொந்தரவாகத் தெரிந்தது, பிறகு அதுவே நல்லதாகவும் பட்டது. குடும்ப விபரத்துக்குக் கோபோ படிவம், திறக்க இருவர். கணக்கு, பொருளாளர் நானாவின் எக்செல்லில், வழமைபோல. வட்ஸ்அப் குழு மூடப்படவில்லை, அதை மூடவும் முடியாது. ஆனால் ஒரு விதி: குழுவில் சொல்லப்பட்ட எந்த உதவிக் கோரிக்கையும் பலகையில் அட்டையாக ஏறாவிட்டால் அது கோரிக்கை அல்ல. அட்டை போடும் பொறுப்பு அந்தந்த நாளுக்கு ஒருவருக்கு, பெயர் குறிப்பிட்டு. வெல்லம்பிட்டியில் எங்களுக்கு இல்லாமல் போனது இந்த ஒருவர்தான்.

ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி எல்லாவற்றையும் ஒரு கோப்பாக வெளியே எடுத்து, அச்சடித்து, ஹாஜியாரிடம் கொடுக்கிறோம். அவர் அதைத் தன் சீஆர் கொப்பியில் ஒட்டி வைக்கிறார். கடவுச்சொற்கள் எழுதிய உறை ஒன்றும் அதே கொப்பியின் பின்னட்டைக்குள் இருக்கிறது, ஒட்டி மூடி, மேலே நிர்வாகசபையின் இருவருடைய கையெழுத்தோடு. இதற்கு முந்திய கொப்பி எங்கே என்று கேட்டேன். வீட்டு அலுமாரியில் பதினொன்று இருப்பதாகச் சொன்னார்.